ரப்பர் கால் இல்லாத டர்ன்டேபிள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வெண்டல் பியூரிஃபாய் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள் யோலண்டா பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். பத்து என்றால் அவளுக்குப் பத்தே முக்கால். அது தெரிந்தும் உட்கார்ந்திருந்தார். வீட்டில் வேறு வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி அடித்த குளிரில் ப்ளூ பேர்ல் ஸ்கேட்டிங் கூடத்தின் கூரையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. நேர் கீழே அவர் பாட்டுப் போடுகிற கண்ணாடி அறை. அதிலிருந்த, இசைத்தட்டைச் சுற்றவிடுகிற இரண்டு டர்ன்டேபிளும் விடிய விடிய நனைந்து செத்துப்போயின. முப்பத்தோரு வருஷம் ஞாயிறு தவறாமல் அவர் கை வைத்த பெட்டிகள்.

கூடத்தின் மேனேஜர் டட்லி சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"பெரியவரே, புதுசு வாங்க எனக்கு வழியில்லை. உங்க பெட்டியை நீங்களே கொண்டாந்துடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எனக்கு ஒரு போன் போடுங்க. வரலைன்னா லேப்டாப்புல பாட்டுப் போடற பையனைக் கூப்பிட்டுடுவேன். ஒரு தடவை அவன் வந்துட்டா அப்புறம் வாராவாரம் அவன்தான். அப்புறம் சொல்லலைன்னு சொல்லக்கூடாது."

ஞாயிறு சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை. வெண்டலின் வாரம் என்பது அந்த நாலு மணி நேரம்தான். மற்ற நாட்கள் எல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும் கிடக்கிற காலி இடம். கார் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்படி. மனைவி எர்லீன் போன பிறகு முழுக்க அப்படி.

எர்லீன் இருந்தவரைக்கும் சக்கரக் காலணியில் ஒவ்வொரு சுற்று வரும்போதும் அந்தக் கண்ணாடியில் மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவாள். டக் டக். நாலு மணி நேரத்தில் நூறு தடவையாவது தட்டுவாள். அவள் போய்ப் பதினாலு மாசம் ஆகிறது. இப்போது வருகிறவர்கள் உள்ளே பார்த்துக் கையாட்டுவார்கள். அதை வைத்துக்கொண்டு அவர் அடுத்த ஞாயிறு வரை ஓட்டுவார்.

பத்தே முக்காலுக்கு யோலண்டா வந்தாள். காலணியில் பனியோடு உள்ளே ஏறினாள்.

"ஏன்பா கோட்டோட உக்காந்திருக்கே? வேர்க்கலை?"

"பத்துன்னு சொன்னே."

"இப்ப பத்தே முக்கால்தானே ஆகுது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மேஜையிலிருந்த தலையணை உறையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதற்குள் ஒரே ஒரு இசைத்தட்டு.

"அந்த உறையைத் தோய்க்கவே மாட்டியா?"

"ரெக்கார்டு என்ன, மொகத்தை வெச்சுப் படுக்கவா போகுது? நட."

*

பழைய பெட்டி விற்கிற முதல் இடம் சவுத்ஃபீல்டில். செருப்புப் போட்டுக்கொண்டு ஒரு நடுவயதுக்காரன் கதவைத் திறந்தான். வீட்டின் கீழ் அறைக்கு அழைத்துப் போனான். இரண்டு பெட்டியும் கண்ணாடி மாதிரி பளபளத்தன.

"ஒரு தடவைகூட வெளிய எடுத்ததில்லை சார். ஆறு வருஷமா வாங்கினபடியே இருக்கு."

வெண்டலுக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. ஆறு வருஷம் ஒருவன் ஒரு சாமானைத் தொடாமல் வைத்திருந்தால், ஒன்று அந்தச் சாமான் சரியில்லை, இல்லை அவன் சொல்வது சரியில்லை.

முதலில் தூக்கிப் பார்த்தார். நல்ல பெட்டியைத் தூக்கினால் முதுகு ஒரு வார்த்தை சொல்லும். இது பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி இருந்தது.

"ஓட விடு."

தட்டு சுற்றியது. ஒரு விரலை அதன் விளிம்பில் வைத்து நிறுத்தினார். பிறகு விரலை எடுத்தார். தட்டு யோசித்தது. முனகியது. ஒரு சுற்று, ஒன்றரை சுற்று போன பிறகுதான் வேகத்துக்கு வந்தது.

"உள்ள பெல்ட்டு," என்றார் வெண்டல். "மோட்டார் ஒரு மூலையில கெடக்குது, ரப்பர் பெல்ட்டு போட்டுத் தட்டை இழுக்குது. தட்டுக்கு நேர் கீழ மோட்டார் இருக்கணும். விரலை எடுத்ததும் கால் சுத்துல பிடிக்கணும்."

"பாட்டு ரொம்ப நல்லா கேக்கும் சார் இதுல."

"கேக்கும் தம்பி. உக்காந்து கேக்கறவனுக்கு இது நல்ல பெட்டிதான்."

"நீங்க இதுல என்ன பண்ணப் போறீங்க?"

"கையை வைப்பேன். நிறுத்துவேன். பின்னால சுத்துவேன். விடுவேன். நாலு மணி நேரம்."

அந்த ஆள் தன்னுடைய பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் மெல்ல வந்து நின்றுகொண்டான். காரில் ஏறிய பிறகு யோலண்டா சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டீயரிங்கில் தலையை வைத்தாள்.

"பாவம்பா. பொண்ணைக் கேட்டு வந்த மாதிரி பயந்துட்டான்."

இரண்டாவது ஒரு கடை. அங்கே இருந்தது நல்ல பெட்டி, அதை மறுக்க முடியாது. கனம் இருந்தது. விரலை எடுத்ததும் பிடித்துக்கொண்டது. ஊசி பொருத்திய கையை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார், மூட்டில் துளி ஆட்டம் இல்லை. தட்டின் விளிம்பில் இருக்கிற புள்ளிகள் சின்ன விளக்கின் வெளிச்சத்தில் நகராமல் நின்றன. வேகம் சரியாக இருந்தால்தான் அப்படி நிற்கும். ஆனால் கடையில் ஒன்றுதான் இருந்தது. ஜோடி வர மூன்று வாரம் ஆகும் என்றான் விற்கிறவன். ஒன்றில் பாட்டு ஓடும்போதே அடுத்ததை மற்றதில் தயார் பண்ணிக் கலக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் ஒற்றைச் செருப்பு மாதிரி.

"நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வேணும்," என்றார்.

"நாளைக்கா?" என்று அவன் சிரித்தான். அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

*

மிளகாய்க் கறி ஊற்றிய ஹாட் டாக் இரண்டு வாங்கி வந்து காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கண்ணாடி எல்லாம் ஆவி படிந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் யோலண்டா. "ஹேம்ட்ராமிக்ல. மாடி வீடு."

"யாரு விக்கறது?"

"யாரோ ஒரு பொம்பளை. வெளம்பரம் பாத்தேன்."

சொல்லும்போது அவள் அவரைப் பார்க்கவில்லை. ஆவி படிந்த கண்ணாடியில் என்ன தெரிகிறதோ அதைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று வயதாகியும் இந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்வாள்.

"மார்லன்கிட்ட பேசினியாப்பா?" என்றாள் திடீரென்று.

"எந்த மார்லன்?"

"அப்பா."

"அவன்தான் பேசறதில்லையே. நான் எங்க பேசறது?"

அதோடு அந்தப் பேச்சை முடித்தார். ஆனால் மனசுக்குள் முடியவில்லை.

எர்லீனைப் புதைத்துவிட்டு வந்து சர்ச்சின் கீழ்த் தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொரித்த கோழி, கீரை, ஒரே இரைச்சல். மகன் மார்லன் கோட்டு மாட்டுகிற கம்பிக்குப் பக்கத்தில் தனியாக நின்றான். வெண்டல் அவனுக்கு இடது பக்கமாகப் போய் நின்றார். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல், தொங்குகிற கோட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுக்கு வந்துடுடா. உன் ரூமு அப்படியே இருக்கு. என்கூட இருந்துக்க."

எழுபத்தோரு வயசில் அவர் ஒருவரிடம் ஒன்று கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மார்லன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியேறிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் போட்டார். இரண்டு தடவையும் அவனே எடுத்தான். அவர் பேசப் பேசவே வைத்துவிட்டான். மூன்றாவது தடவை போட அவர் என்ன மானம் கெட்டவரா?

*

ஹேம்ட்ராமிக்கில் கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையான பெண். தலையில் துணி கட்டியிருந்தாள். கையெல்லாம் மாவு.

"வாங்க ஐயா. நான் ஐவரி. பெட்டி உள்ள இருக்கு. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கார். அவர் இல்லாதப்பவே வித்துடச் சொன்னார். கண்ணு முன்னாடி போனா தாங்க மாட்டாராம்."

ஐவரி யோலண்டாவைப் பார்த்தாள். யோலண்டா தரையைப் பார்த்தாள்.

உள்ளறையில் ஜன்னலை ஒட்டித் தடிமனான பலகை. அதன்மேல் இரண்டு டர்ன்டேபிள், நடுவில் கலக்குகிற பெட்டி. பழைய சாமான்தான். விளிம்பில் வெள்ளி நிறம் தேய்ந்து உள்ளே இருக்கிற உலோகம் தெரிந்தது. வெண்டலுக்கு முதல் தடவையாக அன்றைக்கு நம்பிக்கை வந்தது. தேய்ந்தும் ஓடுகிற சாமான் பொய் சொல்லாது.

வலது பெட்டியைத் தூக்கினார். முதுகு பேசியது. ஓட விட்டு விரலை வைத்து எடுத்தார். வெடுக்கென்று பிடித்தது. ஊசிக்கை ஆடவில்லை. தலையணை உறையிலிருந்து தன் இசைத்தட்டை எடுத்து வைத்தார். பியானோவை ஒரே சுரத்தில் நீட்டி அடிக்கிற இடம் ஒன்று அதில் உண்டு. மோட்டார் கொஞ்சம் தடுமாறினாலும் அந்தச் சுரம் நெளியும். நெளியவில்லை. ஆணி அடித்தது போல நின்றது.

"நல்லா வெச்சிருக்கான்," என்றார், தனக்கே சொல்வது போல.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைத் தள்ளிப் பார்க்கக் குனிந்தார். நடுக்கோட்டில், வேகம் கூடாமல் குறையாமல் இருக்கிற இடத்தில், ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. நகப்பூச்சு. பாதி உரிந்திருந்தது.

வெண்டல் குனிந்தபடியே இருந்தார்.

மகனுக்குப் பதினெட்டு வயதானபோது ஜோடியாக வாங்கிக் கொடுத்த பெட்டி. "இருட்டுல பிள்ளைக்கு நடுக்கோடு தெரியாதே" என்று எர்லீன்தான் தன் நகப்பூச்சைக் கொண்டுவந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள்.

நிமிர்ந்தபோது யாரையும் பார்க்கவில்லை.  பக்கத்தில் கிடந்த வேறு ஒரு இசைத்தட்டை இடது பெட்டியில் வைத்து ஊசியைப் போட்டார். வந்த வேலையை முடிக்கிறவர் மாதிரி கை முஷ்டியால் பலகையில் ஒரு குத்து விட்டார். வலது பெட்டியின் ஊசி அசையவில்லை. இடது பெட்டியின் ஊசி துள்ளி அலறியது.

"என்னடா இது?"

கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அடியில் நாலு ரப்பர் காலும் இல்லை. கழற்றிவிட்டு, கட்டை மரத்துண்டை வைத்துப் பலகையோடு சேர்த்துத் திருகியிருந்தது.

முப்பத்தோரு வருஷமாக அவர் போராடியது அதிர்வோடுதான். இருநூறு பேர் சக்கரத்தில் உருளுகிற கூடத்தில் ஊசி துள்ளாமல் இருக்கப் பெட்டிக்கு அடியில் ரப்பர், ரப்பருக்கு அடியில் கல், கல்லுக்கு அடியில் பாதியாக வெட்டிய டென்னிஸ் பந்து என்று வைத்தவர். மகனுக்கும் அதைத்தான் முதல் பாடமாகச் சொன்னார். இங்கே என்னவென்றால் அதிர்வை வா வா என்று வாசலைத் திறந்து கூப்பிட்டு வைத்திருக்கிறான்.

"எந்த முட்டாள் இப்படிப் பண்ணுவான்?"

பலகைக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். இடது பெட்டிக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் திருகியிருந்தது. அதிலிருந்து போன ஒயர், காதில் போடுகிற ஹெட்போனைச் செருகும் துளையில் முடிந்தது.

"ஹெட்போன் எங்கம்மா?"

"அது இல்லைங்க ஐயா," என்றாள் ஐவரி. "அவர் போடறதில்லை."

"போடறதில்லையா? டிஜே ஹெட்போன் போடாம எப்படி அடுத்த பாட்டைக் கலக்குவான்?"

 அவள் கிட்டே வந்து, தன் மாவுக்கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, இடது பெட்டியின் ஓரத்தில் மணிக்கட்டை வைத்துக் காட்டினாள். "இப்படி வெச்சுக்குவார்."

வெண்டலும் அப்படி வைத்தார். ஊசியை மறுபடி இறக்கினார். கலக்குகிற பெட்டியில் சத்தத்தை மெல்ல ஏற்றினார். மணிக்கட்டில் தாளம் வந்தது. தம், தம், தம். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நடக்கிற மாதிரி. எலும்பு வழியாக முழங்கை வரை வந்தது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. காலில்லாத பெட்டி, காதில்லாதவனுக்கு.

"எந்தக் காது?" என்றார்.

"இடது சுத்தமா போயிடுச்சு. மூணு வருஷம் ஆச்சு," என்றாள் ஐவரி. "வலதுல தண்ணிக்குள்ள பேசற மாதிரி கேக்குமாம். எதிர்ல நின்னு உதட்டைக் காட்டிப் பேசினா புரிஞ்சுக்குவார். கூட்டத்துல ஒண்ணும் கேக்காது. போன்ல சுத்தமா வராது. பாட்டு போட்ட இடத்துல போன மாசம் வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு பாட்டும் மோதிக்கிச்சாம். அதோட விட்டுட்டார்."

மூன்று வருஷம். சர்ச்சில் கோழியும் கீரையும் இரைச்சலும். இடது பக்கம். கோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாரே ஒரு பேச்சு.

வெண்டல் மகள் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"அம்மா இருக்கறப்பவே. சத்தியம் வாங்கிட்டான்பா. நீ என்ன சொல்லுவே? 'காதுதான்டா உன் பொழப்பு, பஞ்சு வெச்சுக்கடா'ன்னு பதினைஞ்சு வயசிலேருந்து தொண்டை கிழிய கத்தினே. அவன் சிரிச்சான். இப்ப எந்த மொகத்தோட உன்கிட்ட வந்து சொல்லுவான்?"

"நான் போன் போட்டேன். ரெண்டு தடவை."

"எடுத்தான்ல. ஏதோ கரகரன்னு வந்துச்சாம். நீ கோவமா கத்தறேன்னு நெனச்சு வெச்சுட்டான். அதுக்குத்தான் எழுதி அனுப்பற போன் ஒண்ணு வாங்கிக்கன்னு உன்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நீதான் கம்பெனிக்காரன் ஒட்டுக் கேப்பான்னு சொன்னே."

"கேப்பான்தான்," என்றார் வெண்டல். ஆனால் குரலில் பலம் இல்லை.

ஐவரி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நான் அவனோட அப்பன்."

"தெரியும் ஐயா. ரெக்கார்டைத் தலையணை உறையில போட்டுக் கொண்டாந்தீங்களே, அப்பவே தெரியும். உலகத்துல அப்படி ஒருத்தர்தான் உண்டுன்னு சொல்லியிருக்கார்." தலைத்துணியைச் சரிபண்ணிக்கொண்டு, "நான் அவரைக் கட்டிக்கிட்டு ஒரு வருஷம் ஆகுது," என்றாள்.

வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துக்கப்பா," என்றாள் யோலண்டா. "அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். அவனுக்கு இனிமே வேணாமாம். உனக்கு நாளைக்கு வேணும். யாரோ ஒருத்தன் வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா உன் கைக்கு வரட்டுமே. நாலு ரப்பர் காலை வாங்கிப் போட்டா இது இன்னும் முப்பது வருஷம் ஓடும், நீயே சொல்லு."

ஓடும். அதில் சந்தேகமே இல்லை. காலையிலிருந்து பார்த்ததில் இதுதான் பெட்டி. ஆறு மணிக்கு டட்லிக்குப் போன் போட்டு "இருக்கு" என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். ஞாயிறு கைவிட்டுப் போகாது. கையாட்டுகிறவர்கள் கையாட்டுவார்கள்.

"சாயங்காலம் வந்து என்ன பண்ணுவான்?" என்று ஐவரியைக் கேட்டார்.

"வேலைவிட்டு வந்து கையைக்கூட கழுவ மாட்டார். ரெக்கார்டு எதுவும் போடாம அந்தத் தட்டைச் சுத்த விட்டு மணிக்கட்டை வெச்சுக்கிட்டு ஜன்னலைப் பாத்து உக்காந்திருப்பார்."

வெண்டல் இடது பெட்டியைப் பார்த்தார். நாலு மரத்துண்டும் ஒரே உயரத்துக்கு இழைத்து, ஓரம் தேய்த்து, சுத்தமாகத் திருகியிருந்தது. அவசரத்தில் செய்த வேலை இல்லை. பாட்டைப் போகவிடக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்தவன் செய்த வேலை.

"ஒரு துண்டுக் காகிதம் குடும்மா. பேனாவும்."

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட கை. எழுத்து எழுத்தாகச் செதுக்கினார். யோலண்டா எட்டிப் பார்த்தபோது கையால் மறைத்துக்கொண்டார். எழுதி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.

'சர்ச்சில் நான் உன் இடது பக்கம் நின்று பேசிவிட்டேன். வீட்டுக்கு வந்துவிடு என்றுதான் சொன்னேன். ரூம் இருக்கிறது. பெட்டியை விற்காதே. காலை மாற்றாதே. அப்பா.'

இசைத்தட்டை எடுத்துவிட்டு, இடது பெட்டியின் தட்டு மேல் கிடந்த கம்பளி வட்டத்தைத் தூக்கி, அதற்கடியில் காகிதத்தை வைத்து மூடினார்.

"இதை நான் வாங்கலை. நீயும் யாருக்கும் விக்காதே."

"அவர் கேட்டா என்ன சொல்ல?"

"ஒரு கிழவன் வந்தான், வலது பெட்டி நல்லா இருக்கு, இடது பெட்டி அதைவிட நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனான்னு சொல்லு."

*

ஐந்து மணிக்கு யோலண்டா அவரை வீட்டில் இறக்கிவிட்டாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை நேரம் தொடங்கிவிட்டது.

"நாளைக்கு என்னப்பா பண்ணுவே?"

"பாத்துக்கறேன்."

"டட்லிகிட்ட நான் பேசட்டுமா?"

"வாய் எனக்கு இருக்கு."

உள்ளே வந்து விளக்கைப் போட்டார். நேற்றைய கீரையை அடுப்பில் வைத்து, சாப்பிடாமல் இறக்கி வைத்தார். டட்லியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு பண்ணியிருந்தார். கடைக்காரன் ஜோடி மூன்று வாரத்தில் வரும் என்றான். மூன்று வாரம் அந்த லேப்டாப் பையன் போட்டுக்கொள்ளட்டும், பிறகு என் இடத்தை எனக்குக் கொடு என்று கேட்க வேண்டும். கேட்கிற பழக்கம் இல்லாத வாய். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கெஞ்சுகிற மாதிரி வந்தது. மூன்றாவது தடவை கொஞ்சம் பரவாயில்லை.

சுவரில் இருந்த போனுக்குக் கையை நீட்டியபோது மணி ஆறாகப் பத்து நிமிஷம். கை படுவதற்குள் அதுவே அடித்தது.

"யாரு?"

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் போனில் யாரோ விரலால் தட்டினார்கள்.

டக் டக்.

வெண்டல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, நான் மார்லன்."

குரல் வேண்டியதைவிடப் பெரிதாக இருந்தது. தன் குரல் தனக்குக் கேட்காதவன் பேசுகிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"நீ பேசாதே. பேசினாலும் எனக்குக் கேக்காது. நான் சொல்றேன், நீ கேளு. கம்பளிக்குக் கீழ இருந்ததைப் பாத்தேன். உன் கையெழுத்து இன்னும் கேவலமாத்தான் இருக்கு."

வெண்டல் குழலைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"அன்னிக்கு நீ பக்கத்துல வந்து நின்னது தெரிஞ்சுது. ஏதோ சொன்னதும் தெரிஞ்சுது. என்னன்னு கேக்கலை. என்னைத் திட்டறேன்னு நெனச்சேன். அம்மா போன அன்னிக்குத் திட்டு வாங்க எனக்குத் தெம்பு இல்லை. போயிட்டேன்."

"இல்லடா," என்றார் வெண்டல் குழலுக்குள். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.

"யோலி எழுதியிருந்தா. உன் பெட்டி நனைஞ்சு போச்சாமே. நாளைக்கு என் ரெண்டையும் வண்டியில ஏத்திக்கிட்டு நானே கூடத்துக்கு வரேன். நீ போடு, நான் கை வெச்சுக்கிட்டு நிக்கறேன். இல்லேன்னா நான் போடறேன், எங்க மோதுதுன்னு நீ தோள்ல தட்டிச் சொல்லு. வரட்டுமா?"

"வாடா! வா!"

"நீ என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியாது. ஆனா என் போன்ல நிமிஷம் ஓடறது தெரியும். நீ வெச்சுட்டா அது நின்னுடும். அதனால இப்படி வெச்சுக்கலாம். வேணாம்னா வெச்சுடு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன், நீ எப்பவும் பட்டுனு வைக்கறவன்தானே. வரலாம்னா வைக்காதே. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

எதன்மேலோ போனை வைக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மாவு பிசைகிற சத்தமோ பாத்திரமோ, தூரத்தில் ஏதோ ஒன்று. ஒரு தட்டு காலியாகச் சுற்றுகிற மெல்லிய காற்று.

சமையலறைக் கடிகாரம் ஆறுக்கு நாலு என்றது.

வீட்டில் இருப்பது இந்த ஒரு போன். இதை வைத்துவிட்டுத்தான் டட்லியைக் கூப்பிட வேண்டும். "இருக்கு" என்று ஒரு வார்த்தை. அரை நிமிஷம் போதும். ஆனால் அந்த அரை நிமிஷம் ஹேம்ட்ராமிக்கில் ஒரு ஜன்னல் ஓரத்தில் அவன் போனில் ஓடுகிற எண்கள் நின்றுபோகும். இன்னொரு ஆள் வீட்டில் இருந்தால், பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு போன் போடு என்று சொல்லலாம். திரும்பி வீட்டைப் பார்த்தார். அடுப்பு, கீரைச் சட்டி, ஒரு தட்டு, ஒரு நாற்காலி.

ஆறுக்கு மூன்று.

எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. கேட்கவும் வழியில்லை.

"மார்லன்," என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

ஆறுக்கு ஒன்று. நேரம் தவறாதவன் டட்லி, அதில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது.

முள் பன்னிரண்டைத் தொட்டது. தாண்டியது.

இடுப்பு வலித்தது. நாற்காலி இரண்டடி தள்ளி இருந்தது. காலால் இழுத்துப் பார்த்தார், எட்டவில்லை. போன் ஒயரும் அவ்வளவு தூரம் வராது. வெண்டல் குழலை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றி வைத்துக்கொண்டு, சுவரில் தோளைச் சாய்த்து நின்றார். வைக்கவில்லை.